வெள்ளியில் ஒரு ழகரம்

வெள்ளித் தகட்டில் ழகரம் அறுக்க உட்காரும் பத்தர், முதலில் அதன் வயிற்றைத்தான் அறுப்பார். எழுத்தின் வலப்பக்கம் மூடிக்கொண்டு நிற்கும் சிறு அறை அது. அதன் நடுவே ஊசித்துளை போட்டு, ரம்ப இழையை அதற்குள் கோத்து, உள்வெளியை முழுதாக எடுத்த பிறகே வெளி விளிம்புக்கு வருவார். வெளியை முதலில் அறுத்துவிட்டால் பிடித்துக்கொள்ளத் தகடு இருக்காது. மெல்லிய கால் வளைந்துவிடும்.

அச்செழுத்து வெட்டியவர்களும் இதே வழியில்தான் போனார்கள். எழுத்தை எஃகு முளையில் செதுக்குவதற்கு முன், அதன் உள்வெளியின் வடிவில் இன்னொரு முளை செய்து, அதை அடித்து இறக்குவார்கள். பள்ளம் விழுந்த பிறகு அதைச் சுற்றி எழுத்தின் உடம்பை அரத்தால் தேய்த்து எடுப்பார்கள். ஜோசப் மாக்ஸன் 1683-இல் எழுதிய அச்சுத்தொழில் நூலில் இந்த வேலையை விளக்கியிருக்கிறார். படித்தபோது எங்கள் பத்தரின் கை அசைவுதான் கண்முன் வந்தது. அதில் வியப்புமில்லை. கூட்டன்பெர்க் பொற்கொல்லர் வேலை அறிந்தவர். மணிக்கல்லுக்கு மெருகேற்றக் கற்றுக்கொடுத்தவர். பதினாறாம் நூற்றாண்டில் அழகழகான எழுத்துகளை வெட்டிய ரோபேர் கிராங்ஜோன், பொற்கொல்லரிடம் தொழில் பழகியவர். அச்செழுத்தே நகைப் பட்டறையில் பிறந்த பிள்ளை என்றுதான் நான் சொல்வேன்.

சேலத்தில் கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே எங்களுடையதும் ஒரு சிறு பட்டறை. அறுக்கவும் பற்றவைக்கவும் பத்தர், மெருகு போட ஒரு அக்கா, வடிவமும் விற்பனையும் பார்க்க நான். செய்வது எழுத்து நகை மட்டும். பெயரைச் சுருள் சுருளாக எழுதி லேசரில் வெட்டிய டாலர்கள் கடைகளில் நிறையக் கிடைக்கின்றன; அவற்றில் எழுத்துக்கு உடம்பும் இல்லை, உள்வெளியும் இல்லை. நாங்கள் எடுத்துக்கொள்வது அச்சகத்தில் உழைத்த எழுத்தை.

விலை சொல்லும் இடத்தில்தான் பேச்சு நீளும். வெள்ளி என்றால் எடை, செய்கூலி, சேதாரம் என்று கேட்டே பழகியவர்கள் நாம். எழுத்து நகையிலோ, எடை குறையக் குறைய வேலை கூடுகிறது. ழகரத்தின் அந்தச் சிறு அறை சுத்தமாக வர, அதே அளவு வெற்றுத் தகட்டை மெருகு போடுவதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். அதனால் கிராம் கணக்கில் விற்பதில்லை. எழுத்துக்கு ஒரு விலை. உள்ளிருந்து விழும் வெள்ளித் துளியை வீணாக்குவதும் இல்லை. கம்பி பற்றவைத்தால் அது மூக்குத்தி. ழகரத்தின் வயிறு கொஞ்சம் சாய்ந்த முட்டை வடிவம், அகரத்தினுடையது இன்னும் உருண்டை. எந்த எழுத்திலிருந்து வந்தது என்று தெரிந்து அணிபவர்களுக்கு அதில் தனி மகிழ்ச்சி.

அச்சகங்கள் ஆஃப்செட்டுக்கு மாறியபோது, ஈய எழுத்துகள், அவற்றை அறை அறையாகப் போட்டு வைக்கும் கேஸோடு எடைக்குப் போயின. உருக்குவதற்கு முன் கிடைத்தவற்றை வாங்கி வைத்திருக்கிறேன். அவற்றில் 36 பாயிண்ட் ழகரம் ஒன்று. உடம்பு அரை அங்குலம். நிற்க வைத்தால் உயரம் 0.918 அங்குலம். எல்லா எழுத்துக்கும் உயரம் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தால்தான் தாளில் மை சீராக விழும். உடம்பின் ஒரு பக்கத்தில் குறுக்கே ஒரு பள்ளம் ஓடுகிறது. அச்சுக் கோக்கும் கம்போசிட்டர் கண்ணால் பார்க்காமலே, கட்டைவிரல் அந்தப் பள்ளத்தில் பட்டதும் எழுத்து எந்தப் பக்கம் நிற்கிறது என்று அறிந்துகொள்வார். முழு எழுத்தையும் அதே உயரத்தில் வெள்ளியில் வார்த்து, முகம் கீழே பார்க்கத் தொங்கவிடும் பதக்கம் ஒன்று செய்கிறோம். எட்ட இருந்து பார்ப்பவருக்கு அது வெறும் வெள்ளிக் கட்டை. அணிந்தவரின் விரல் மட்டும் அடிக்கடி அந்தப் பள்ளத்துக்குப் போகும்.

ஈய எழுத்தையே கோத்துக் கொடுக்கக் கேட்பவர்கள் உண்டு. கொடுப்பதில்லை. ஈயம் உடம்பில் உரசக் கூடாத உலோகம். பட்டறைக்கும் அது பகை: ஈயத்தூள் ஒட்டிய வெள்ளியை நெருப்பில் காட்டினால், ஒட்டிய இடத்தில் அரித்துக் குழி விழுந்துவிடும். அதனால் ஈயத்துக்குத் தனி மேசை, தனி அரம், தனித் துணி. எழுத்திலிருந்து ரப்பர் அச்சு எடுத்து, அதில் மெழுகு ஊற்றி, மெழுகிலிருந்துதான் வெள்ளிக்குப் போகிறோம்.

வார்ப்பில் ஒரு சங்கடம் இருக்கிறது. அச்சு ஈயத்தில் ஆன்டிமனி கலந்திருப்பதால் இறுகும்போது அதிகம் சுருங்காது. முனைகள் கூர்மையாக நிற்கும். வெள்ளி சுருங்கும். ழகரத்தின் வால் முனை மழுங்கி வரும். அதை உளியால் தொட்டுச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் அச்சகத்தில் பல்லாயிரம் தாள்களில் அழுந்தி அழுந்தித் தேய்ந்த தேய்மானம் வேறு. “இந்தத் தோள் தேஞ்சிருக்கும்மா, தீட்டிடட்டுமா?” என்று பத்தர் கேட்பார். “அது அப்படியே இருக்கட்டும் பத்தரே, வால மட்டும் பாருங்க” என்பேன். எது வெள்ளியின் குறை, எது எழுத்தின் வயது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் இந்தத் தொழிலின் ருசியே இருக்கிறது.

தொங்கவிடுவதும் எளிதல்ல. ழகரத்தின் வால் ஒரு பக்கமாக இழுப்பதால், நட்டநடுவில் வளையம் வைத்தால் எழுத்து சாய்ந்துவிடும். நூலில் கட்டித் தொங்கவிட்டு, நேராக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகே வளையத்தைப் பற்றவைப்போம். மெய்யெழுத்துகளில் மட்டும் பாதி வேலை மிச்சம்: மேலே இருக்கும் புள்ளியையே வளையமாக்கிச் சங்கிலியைக் கோத்துவிடலாம். ஆய்தத்துக்கு உடம்பே இல்லை, மூன்று புள்ளிகள்தான். மூன்று வெள்ளி மணிகளை ஒன்றோடொன்று தொட வைத்துப் பற்றவைத்தால் கம்மல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதிகம் கேட்பது அதைத்தான்.

எங்கள் பட்டறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு ஜோடிக் கம்மல். அச்செழுத்தின் முகம் கண்ணாடிப் பிம்பமாக, இடம் வலம் மாறி இருக்கும். தாளில் பதியும்போதுதான் நேராகும். இந்த ஜோடியில் ஒரு காதுக்கு எழுத்து: புடைத்து, திரும்பி நிற்கும். மறு காதுக்கு அதன் பதிவு: அதே ஈய எழுத்தை மெழுகில் அழுத்தி வார்த்தது, குழிந்து, நேராக நிற்கும். குழிக்குள் கந்தகக் கரைசல் விட்டுக் கறுப்பேற்றி, மேற்பரப்பை மட்டும் மெருகிட்டால் மை விழுந்தது போலவே இருக்கும். எதிரே நிற்பவர் ஒரு காதில் எழுத்தைப் படிக்கலாம். மற்றக் காதில் இருப்பதை, அணிந்தவர் தன் கண்ணாடியில் படிக்கலாம். பகரம் கேட்டு வருபவர்களிடம் மட்டும் முன்பே சொல்லிவிடுவேன்: அதைத் திருப்பிப் போட்டாலும் பகரம்தான், ஜோடியின் விளையாட்டு அதில் தெரியாது.

நகையில் எழுத்து குத்துவது புது மோகம் என்று நினைப்பவர்கள் லண்டன் முத்திரையைப் பார்க்க வேண்டும். வெள்ளிப் பொருளைச் சோதித்த ஆண்டைக் காட்ட, 1478 முதல் அங்கே ஆண்டுக்கு ஓர் எழுத்தாகக் குத்தி வந்தார்கள். வரிசை முடிந்ததும் எழுத்தின் அமைப்பையோ சுற்றுக் கட்டத்தையோ மாற்றி அடுத்த சுற்றைத் தொடங்குவார்கள். பழைய கரண்டியின் காம்பில், கடுகளவு இடத்தில், நல்ல எழுத்து வடிவம் ஒன்று ஒளிந்திருக்கும்.

நம்மிடமும் அப்படித் தேடி ரசிக்க எழுத்துகள் உண்டு. பெரியார் 1935 முதல் தம் இதழ்களில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றபோது, 13 எழுத்துகள் பழைய வடிவத்தை விட்டன. தும்பிக்கை வைத்த லை, ணை, ளை, னை. சுழித்துக்கொண்டு கால் ஒட்டிய ணா, றா, னா. இவற்றின் ஒகர, ஓகார வரிசை. படிக்கும் பிள்ளைக்குப் புது வடிவம் எளிது, அச்சுக்கும் எளிது. அந்த மாற்றம் சரியானதே. காதில் அணிய மட்டும் பழைய லைக்கு ஈடு கிடையாது. கொம்பும் உடம்பும் ஒரே கோடாக ஓடுவதால் எங்கும் பற்றவைக்க வேண்டியதில்லை. தும்பிக்கை வளைவிலேயே சங்கிலி கோத்துக்கொள்ளும். கலை, மலை, சோலை என்று பெயரில் லை வருபவர்கள் கேட்டு வாங்குகிறார்கள்.

லை, னை, றா மூன்றும் நல்ல நிலையில் கிடைத்துவிட்டன. ணையின் தும்பிக்கை உடைந்திருக்கிறது. ளை கிடைக்கவே இல்லை. உங்கள் ஊர் அச்சகத்துப் பரணில் பழைய கேஸ் கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ‘ளை’ அறையை ஒருமுறை துழாவிப் பார்த்துச் சொல்லுங்கள்.