விரலும் மெட்டும்

வாத்தியம் பெரிதா, வாசிக்கிற கை பெரிதா? இந்தக் கேள்விக்குப் பூம்புகார்க் கடற்கரையிலேயே பதில் சொல்லியாகிவிட்டது. கானல் வரியில் இளங்கோவடிகள் யாழை வர்ணித்ததோடு நிற்கவில்லை. நரம்பின்மேல் விரல் செய்கிற எட்டுக் காரியங்களையும் பெயர் சொல்லி எண்ணுகிறார். கோவலன் வாசித்த அதே யாழைத்தான் மாதவியும் வாங்கி வாசிக்கிறாள். வாத்தியம் ஒன்றுதான், அதிலிருந்து வந்தவை இரண்டு மனசுகள்.

எங்கள் பக்கத்துப் பையன்கள் இன்று வேறொரு வாத்தியத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். இங்வே மால்ம்ஸ்டீன் என்ற ஸ்வீடன் தேசத்துக் கிதார்க்காரர் 1963-ல் பிறந்தவர். ஹெவி மெட்டல் என்ற பேரிரைச்சல் சங்கீதத்துக்குள் பாஹையும் பாகனீனியையும் கொண்டுவந்தவர். ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராடோகாஸ்டர் கிதார், முதுகுக்குப் பின்னால் சுவர்போல் அடுக்கிய மார்ஷல் ஆம்ப்ளிபயர்கள் என்று பையன்கள் ஜாபிதா ஒப்பிக்கிறார்கள். வால்வு ஆம்ப்ளிபயரை அளவுக்கு மேல் முடுக்கினால் ஒலி கரகரத்துத் தடிக்கும். தந்தியை மீட்டிய பிறகும் நாதம் அறுபடாமல் நீளும். பிடிலுக்கு வில் தருகிற நீளத்தைக் கிதாருக்கு இந்தப் பெட்டி தருகிறது.

ஆனால் எனக்கு விசேஷமாகப் படுவது பெட்டி அல்ல, கிதாரின் கழுத்து. மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கி எடுத்திருக்கிறார். விரல் மரத்தில் படாது. தந்தியில் மட்டுமே படும். தஞ்சாவூர் வீணையை அறிந்தவர்களுக்கு இது புதுமையா? பலாமரத் தண்டியின்மேல் மெழுகு கட்டி, 24 மெட்டுகளை உயர்த்தி வைத்திருப்பது எதற்காக? தந்தியை இழுத்து, ஒரே மெட்டில் இரண்டு மூன்று ஸ்வரங்களைப் பேசவைக்கத்தான். 1970களில் சக்தி குழுவில் எல். சங்கரோடும் விக்கு விநாயக்ராமோடும் வாசித்த ஜான் மக்லாக்லினும் இப்படிக் குழித்த கிதாரை வைத்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு வசதியை வைத்துக்கொண்டு மால்ம்ஸ்டீன் பெரும்பாலும் ஓடுகிறார். 1984-ல் வந்த ‘ரைசிங் ஃபோர்ஸ்’ இசைத்தட்டில் அவருடைய வேகம் பிரமிக்கவைக்கிறது. பிரமிப்பு அடங்கினால் மனசில் அதிகம் தங்குவதில்லை. அதே தட்டில் ‘பிளாக் ஸ்டார்’ என்ற உருப்படியில் மெதுவாக வந்து, ஒரு ஸ்வரத்தில் நின்று, அதை அசைக்கிறார். மரத்தைக் குழித்த காரியம் அங்கேதான் பலிக்கிறது.

இதை நாம் யோசிக்கவேண்டிய காரணம் உண்டு. வீணையின் நாதம் மெல்லியது, பெரிய சபைக்கு எட்டாது என்று அதிலும் மைக்கைப் பொருத்துகிறோம். அதில் தவறில்லை. ஆனால் ஒலி பெருகிவிட்டது என்ற தைரியத்தில் கமகத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டினால், உயர்ந்து நிற்கும் அந்த மெட்டுகளுக்கு என்ன வேலை? பையன்கள் தாராளமாகக் கிதார் வாங்கட்டும். விரலின் எட்டுக் காரியங்களைக் கடையில் வாங்க முடியாது. உட்கார்ந்து சாதகம்தான் செய்யவேண்டும்.