கருப்புடைப் பாடகன்

பருத்தி பறித்த கை கிதார் ஏந்திற்று! ஆர்க்கன்சா மாநிலத்து உழவர் வீட்டில் 1932-இல் பிறந்த ஜானி கேஷின் கை அது. கருப்புடை ஏனய்யா என்றோர்க்கு, ஏழைக்காகவும் சிறைப்பட்டோர்க்காகவும் என்று 1971-இல் பாட்டாலேயே விடை தந்தவர். அவர்தம் கடைசிப் பத்தாண்டுப் பதிவுகளின் ஐந்து தட்டுத் தொகுப்பு, ‘அன்எர்த்டு’, 2003 நவம்பரில் வந்தது. செப்டம்பரிலேயே அவர் மறைந்துவிட்டார்.

மூன்றாம் தட்டைக் கேளுங்கள், தோழர்களே! ஜமைக்காவின் பாப் மார்லி இயற்றிய விடுதலைப் பாடலை, இங்கிலாந்துப் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரோடு பாடுகிறார். தட்டு வெளிவந்தபோது மூவருமே உயிரோடில்லை. முதுமை தேய்த்த குரல்தான். ஆனால் தளர்ந்த குரலன்று.

நான்காவது, தாயின் பாட்டுப் புத்தகத்துப் பக்திப் பாடல்கள். வானுலகக் கதை நமக்கு வேண்டாதது. எனினும் ஒற்றைக் கிதாரும் ஒரு குரலுமாய் வரும் அப்பாடல்களில் குருமாரின் அதட்டல் இல்லை. அன்னையின் நினைவே உண்டு. ஐந்தாவது, முன்பே வந்தவற்றின் திரட்டு, புதிதில்லை.

குறை ஒன்றுண்டு, பெருங்குறை. சாவும் கழிவிரக்கமும் மிகுந்து, சினம் மெலிந்துவிட்டது. அமெரிக்கப் பழங்குடியினரின் துயரை 1964-இல் தனித் தட்டாகவே பாடியவரன்றோ இவர்! இவோ ஜிமாவில் கொடி உயர்த்திய பழங்குடி வீரன் ஐரா ஹேய்ஸ், வறுமையிலும் குடியிலும் மாண்ட கதையை வானொலி நிலையங்கள் ஒலிபரப்பத் தயங்கின. ‘பில்போர்டு’ இதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, உங்கள் துணிவு எங்கே என்று கேட்டார் கேஷ். அந்தப் போராளியை இத்தொகுப்பில் தேடினால் ஏமாற்றமே. அந்த 1964-ஆம் ஆண்டுத் தட்டை முதலில் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள்.