கட்டிலில் படுத்துவிட்ட மருத்துவர்கள்

‘ஈஆர்’ என்ற அமெரிக்க மருத்துவத் தொடரில் ராபர்ட் ரொமானோ என்றொரு அறுவை சிகிச்சை நிபுணர் உண்டு. கைராசிக்காரர், வாய்த்துடுக்குக்காரர், ஜூனியர்களைக் கரித்துக்கொட்டுவதில் தனிச் சுகம் காண்பவர். 2002 செப்டம்பரில், ஒன்பதாவது சீசனின் முதல் எபிசோடில், மருத்துவமனை மொட்டைமாடியில் நின்ற ஹெலிகாப்டரின் வால் விசிறி அவர் கையைத் துண்டித்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அதே மாடியிலிருந்து இன்னொரு ஹெலிகாப்டர் விழுந்து, கீழே ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்கு வந்திருந்தவரை நசுக்கியது. அதற்குச் சற்று முன்புதான் மாடியில் ஹெலிகாப்டரைக் கண்டு வெலவெலத்துப்போய்க் கீழே இறங்கி ஓடிவந்திருந்தார். பார்த்தவர்களில் பலர் சிரித்துவிட்டார்கள். மருத்துவத் தொடர்கள் நொடித்துப்போவதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அந்த இரண்டாவது ஹெலிகாப்டரும் கூடவே வந்துவிடுகிறது.

இதே தொடரில், இதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு, 2002 மே மாதம் டாக்டர் மார்க் கிரீன் மூளைக் கட்டியால் இறந்தார். யாரும் சிரிக்கவில்லை. கிரீன் முதல் எபிசோடிலிருந்து இருந்தவர். அது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கட்டி கண்டுபிடிக்கப்படுகிறது, அறுவை சிகிச்சை நடக்கிறது, சில காலம் நிம்மதி, மறுபடியும் வளர்கிறது, பேச்சு குழறுகிறது, வேலையை விடுகிறார். எட்டு ஆண்டுகளாக அந்த எமர்ஜென்சி வார்டுக்குள் வந்த முன்பின் தெரியாத நோயாளிகளுக்கு நடந்ததுதான் அவருக்கும் நடந்தது. ரொமானோவுக்கு நடந்ததோ கதாசிரியர்களின் மேஜையில் நடந்தது. பார்வையாளர்கள் இந்த வேறுபாட்டை விமர்சகர்களுக்கு முன்பே பிடித்துவிடுகிறார்கள். காரணத்தைத்தான் பல நேரம் தப்பாகச் சொல்கிறார்கள்.

அவர்கள் சொல்லும் காரணங்கள் ஏறக்குறைய எல்லாத் தொடர்களுக்கும் ஒன்றுதான்: பழைய நடிகர்கள் போய்விட்டார்கள், காதல் அதிகமாகிவிட்டது, விபத்துக்கு மேல் விபத்து, மருத்துவம் குறைந்துவிட்டது. முதல் காரணத்தை எடுத்துக்கொள்வோம். நம் சின்னத்திரையில் நடிகை விலகினால் ‘இவருக்குப் பதில் இனி இவர்’ என்று எழுத்துப் போட்டுவிட்டுக் கதை தன் பாட்டுக்குப் போகும். பார்ப்பவர்களும் இரண்டு நாளில் பழகிவிடுவார்கள். அமெரிக்க மருத்துவத் தொடர்களில் அந்த வசதி இல்லை. நடிகரின் ஒப்பந்தம் முடிந்தால் பாத்திரமும் ஊரை விட்டுப் போக வேண்டும், அல்லது சாக வேண்டும். எனவே பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடும் தொடரில் ஒவ்வொரு சம்பளப் பேச்சுவார்த்தையும் மருத்துவமனைக்கு ஒரு பேரிடராக வந்து இறங்குகிறது. ‘கிரேஸ் அனாட்டமி’யின் மருத்துவர்கள் மேல் பேருந்து மோதியதும், துப்பாக்கிக்காரன் வார்டு வார்டாகச் சுட்டதும், விமானம் விழுந்ததும் எல்லாமே இதனால் என்று சொல்லிவிட முடியாது, பாதிக்கு இதுதான் காரணம்.

ஆனால் நடிகர்கள் போனதே சரிவு என்றால் ஈஆர் 1999 பிப்ரவரியிலேயே சரிந்திருக்க வேண்டும். ஜார்ஜ் குளூனி போனது அப்போதுதான். ஓராண்டு கழித்து லூசி நைட் என்ற மருத்துவ மாணவியை, மனச்சிதைவு கண்டறியப்படாத ஒரு நோயாளி கத்தியால் குத்திக் கொன்றபோது, தொடரின் மிகச் சிறந்த எபிசோடுகளில் ஒன்று கிடைத்தது. மனநல மருத்துவர் வந்து பார்க்கத் தாமதம், வார்டில் நெரிசல், யாருக்கும் நேரமில்லை. அந்த மரணத்துக்கு மருத்துவமனையே காரணமாக இருந்தது.

இங்கே கொஞ்சம் கணக்கும் பார்த்துவிடலாம். மைக்கேல் கிரைட்டன் உருவாக்கிய ஈஆர் 1994 செப்டம்பரில் என்பிசியில் தொடங்கியது. உச்சத்தில் வாரந்தோறும் 3 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் பார்த்தார்கள். 1998இல் அதைத் தக்கவைத்துக்கொள்ள ஒரு எபிசோடுக்கு 1 கோடியே 30 லட்சம் டாலர் கொடுக்க அந்த அலைவரிசை ஒப்புக்கொண்டது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குதிரையை நொண்டுகிறது என்று யார் நிறுத்துவார்கள்? 2009 ஏப்ரலில் 331ஆவது எபிசோடோடு முடிந்தபோது 1.6 கோடிப் பேர் திரும்பி வந்து பார்த்தார்கள். ரேட்டிங் எண்ணை வைத்துத் தரத்தை அளக்கக் கூடாது என்பதற்கு ‘ஹவுஸ்’ இன்னொரு சான்று. ‘அமெரிக்கன் ஐடல்’ முடிந்த கையோடு ஒளிபரப்பான ஆண்டுகளில் அதற்கு 2 கோடி அளவுக்குப் பார்வையாளர்கள். அந்த நேரம் போனபோது கூட்டமும் கரைந்தது. கூட்டம் கரைந்ததற்கும் கதை கெட்டதற்கும் உள்ள தொடர்பு, ரசிகர்கள் நினைப்பதைவிடக் குறைவு.

ஹவுஸ் ரசிகர்களின் கோபம்தான் இந்தத் துறையில் மிகவும் சுவையானது என்பது என் எண்ணம். டேவிட் ஷோர் உருவாக்கி ஹ்யூ லாரி நடித்த அந்தத் தொடர் 2004 நவம்பர் முதல் 2012 மே வரை 177 எபிசோடுகள் ஓடியது. அதன் சூத்திரம் குழந்தைக்கும் தெரியும்: நோயாளி விழுவார், முதல் கணிப்பு தவறும், மருந்து கொடுத்ததும் வலிப்பு வரும், உதவியாளர்கள் நோயாளியின் வீட்டுப் பூட்டைத் திறந்து துழாவுவார்கள், கடைசிப் பத்து நிமிடத்தில் நண்பர் வில்சனோடு வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது ஹவுஸ் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போவார். ஒவ்வொரு வாரமும் யாராவது லூபஸ் என்பார்கள், அது லூபஸாக இருக்காது. இதை வைத்து ரசிகர்கள் சட்டைகூட அச்சடித்தார்கள். மூன்றாவது சீசனிலேயே இது சலிப்பூட்டுகிறது என்ற முணுமுணுப்பு எழுந்துவிட்டது.

சரி என்று 2007இல் ஷோர் சூத்திரத்தை உடைத்தார். பழைய குழு கலைந்தது. 40 பேரை வைத்து வேலைக்கு ஒரு போட்டி நடத்தினார் ஹவுஸ். சூத்திரம் சலிக்கிறது என்றவர்களில் ஒரு பகுதியினர், பழைய குழு எங்கே என்று கேட்டார்கள். ஹவுஸும் நிர்வாகி கடியும் சேர வேண்டும் என்று ஆறு ஆண்டுகள் ஏங்கினார்கள்; 2010இல் சேர்ந்தார்கள்; தொடர் கெட்டுவிட்டது என்றார்கள். சேர்ந்தவர்கள் பிரிந்தார்கள். 2011 மே மாதம் ஏழாவது சீசனின் கடைசி எபிசோடில், ஹவுஸ் தன் காரை கடியின் வீட்டுச் சாப்பாட்டு அறைக்குள் ஓட்டிக்கொண்டு போய் மோதினார். முன்னாள் காதலி குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த வீட்டில் கார் ஏற்றுவதை ஒரு விடுதலை போலப் படமாக்கியிருந்தார்கள். அதைப் பார்த்துக் கொதித்தவர்கள் பக்கம்தான் நானும். அடுத்த சீசனில் கடி இல்லை. ஹவுஸ் சிறையிலிருந்து தொடங்கினார். ஏழாவது சீசன் என்றாலே அந்தக் கார்தான் என்று ஆகிவிட்டது.

ஆனால் அதே ஏழாவது சீசனில்தான் கடியின் தாயார் படுத்த படுக்கையாகிறார். செயற்கை இடுப்பு மூட்டிலிருந்து கசிந்த கோபால்ட் அவர் உடம்பை நஞ்சாக்கியிருப்பதாகக் கண்டுபிடிக்கிறார் ஹவுஸ். 2012இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் 55 வயதுக்காரர் ஒருவர் இதயம் பலவீனமாகி, காதும் கண்ணும் மங்கி மருத்துவமனைக்கு வந்தார். காரணம் பிடிபடவில்லை. மாணவர்களுக்கு ஹவுஸ் எபிசோடுகளைப் போட்டுக் காட்டிப் பாடம் நடத்தும் பேராசிரியர் யூர்கன் ஷேஃபருக்கு இந்தக் கதை நினைவுக்கு வந்தது. அந்த நோயாளிக்கும் இடுப்பில் உலோக மூட்டு இருந்தது. கோபால்ட் அளவு எகிறியிருந்தது. மூட்டை மாற்றியபின் தேறினார். 2014இல் ‘தி லான்செட்’ இதழில் ஷேஃபர் குழு இதை எழுதியது, தலைப்பில் டாக்டர் ஹவுஸ் பெயரையும் சேர்த்து. மருத்துவம் குறைந்துவிட்டது என்று ரசிகர்கள் தூக்கிப்போட்ட சீசனின் ஒரு எபிசோடு, உண்மையான ஒரு மனிதருக்கு நோயைக் கண்டுபிடிக்க உதவியிருக்கிறது. மருத்துவம் அங்கேதான் இருந்தது. பார்ப்பவர்களின் கண் நோயாளியின் கட்டிலை விட்டு எப்போதோ நகர்ந்துவிட்டது, நகர்த்தியது தொடர்தான்.

மருத்துவர்களான பார்வையாளர்கள் தனி இனம். அவர்கள் தொடர் நன்றாக ஓடும் காலத்திலும் குறை சொல்வார்கள். சரியும் காலத்தில் மற்றவர்கள் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். 1996இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் மூன்று மருத்துவர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஈஆர், ‘சிகாகோ ஹோப்’, ‘ரெஸ்க்யூ 911’ ஆகியவற்றில் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயன்ற 60 சம்பவங்களில் 75 விழுக்காட்டினர் உடனடியாகப் பிழைத்தார்கள். நிஜ வார்டுகளில் அப்படிப் பிழைப்பவர்கள் மிகவும் குறைவு. 2018இல் வேறொரு குழு கிரேஸ் அனாட்டமியின் 269 எபிசோடுகளில் அடிபட்டு வந்த 290 பேரை எண்ணியது. இறந்தவர்கள் 22 விழுக்காடு, உண்மையான நோயாளிகளிடையே 7 விழுக்காடு. ஒரு கணக்கில் பிழைப்பவர்கள் அதிகம், இன்னொன்றில் சாகிறவர்கள் அதிகம். இரண்டும் வெவ்வேறு கணக்குகள், ஒன்றோடொன்று ஒப்பிட முடியாதவை. ஆனாலும் சும்மா ஒரு ஊகம்: நோயாளி கதையின் நாயகனாக இருந்தவரை அவனைப் பிழைக்கவைக்க வேண்டியிருந்தது. மருத்துவர் நாயகனாகிவிட்டால், அவரை அழவைக்க நோயாளி செத்தால் போதும்.

கிரேஸ் அனாட்டமி அதைத்தான் செய்தது, மறைக்கவுமில்லை. ஷோண்டா ரைம்ஸ் 2005 மார்ச்சில் தொடங்கியபோதே மருத்துவர்களின் படுக்கையறையும் அறுவை அரங்கும் ஒரே தளத்தில் இருந்தன. அதனால் அங்கே காதல் அதிகமாகிவிட்டது என்று புகார் சொல்வதில் பொருளில்லை. இஸ்ஸி என்ற மருத்துவர் இறந்துபோன காதலன் டென்னியின் ஆவியோடு படுத்துக்கொண்ட ஐந்தாவது சீசனில்தான் ரசிகர்கள் முதல்முறை கூட்டமாகத் தலையில் அடித்துக்கொண்டார்கள். பிறகு அது மூளைக்குப் பரவிய புற்றுநோயின் அறிகுறி என்று விளக்கம் வந்தது. மருத்துவ ரீதியாக அந்த விளக்கம் நிற்கும். ஆனால் அதற்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களிடம் அது எடுபடவில்லை.

2015 ஏப்ரலில் அதே தொடரின் டெரிக் ஷெப்பர்ட் இறந்தார். லாரி மோதியது, கொண்டுபோன சிறிய மருத்துவமனையில் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்காமல் விட்டார்கள். பேச முடியாமல் கிடந்த அந்த மூளை அறுவை நிபுணருக்குத் தாம் ஏன் சாகப்போகிறோம் என்று தெரியும். நான் மேலே சொன்ன அளவுகோலின்படி இது நேர்மையான மரணம், கிரீனின் மரணத்துக்குப் பக்கத்தில் வைக்கத் தக்கது. ரசிகர்களோ அவரை உயிரோடு கொண்டுவரச் சொல்லிக் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். அளவுகோல் இங்கே உடைகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பத்து ஆண்டுகள் வாரம் தவறாமல் வீட்டுக்குள் வந்து போன ஒருவர் விஷயத்தில் யாரும் கலைநயம் பார்ப்பதில்லை. 2020இல் அலெக்ஸ் கேரவ் என்ற மருத்துவரின் கதையில் வந்த கோபம் வேறு ரகம். அந்த நடிகர் ஏற்கெனவே விலகிவிட்டார். எனவே மனைவிக்கு ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டு முன்னாள் மனைவி இஸ்ஸியிடம் போய்விட்டதாகக் கதை கட்டினார்கள். பதினைந்து ஆண்டுகள் ஒரு முரடனை நல்ல மனிதனாக்கிய உழைப்பு, பழைய காட்சிகளை ஒட்டிப்போட்ட ஒரு எபிசோடில் வீணாயிற்று. கொன்றிருந்தால்கூட மன்னித்திருப்போம் என்றார்கள் ரசிகர்கள். அதில் நியாயம் இருந்தது.

பிரிட்டன் கதை சுருக்கமாக. அங்கே ‘கேஷுவல்டி’ 1986 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. தேசிய சுகாதார சேவை நொறுங்குகிறதே என்ற ஆத்திரத்தில் பிறந்த தொடர் அது. அதன் கிளைத்தொடர் ‘ஹோல்பி சிட்டி’ 2022 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. கடைசியில் அதன் முக்கிய மருத்துவர் ஜாக் நெய்லர் மூளைக் கட்டியால் இறந்து, உறுப்புகளை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சரிந்த தொடர் கடைசி நேரத்தில் தன் தொழிலை நினைவுகூர்ந்தது.

திட்டுகிறவர்கள் ஏன் விலகுவதில்லை என்ற கேள்விக்கு ஸ்ட்ரீமிங் ஒரு புதிய பதில் கொண்டுவந்திருக்கிறது. கிரேஸ் அனாட்டமியின் நேரடி ஒளிபரப்பை இன்று 40 லட்சம் பேர்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் 2023இல் அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்கில் மிக அதிகம் பார்க்கப்பட்ட தொடர்களில் அது ஒன்று. முதல் எபிசோடு வந்தபோது பிறந்திராத பெண்கள் வரிசையாகப் பார்க்கிறார்கள். அம்மாவுக்கு ஆவிக் காதலின் மர்மம் விலகப் பல மாதம் ஆனது. மகளுக்கு இரண்டு ராத்திரி. இவர்கள் சரிவை உணர்கிறார்கள், ஆனால் புண்படுவதில்லை.

2025 ஜனவரியில் ‘தி பிட்’ வந்தது. ஈஆரில் ஜான் கார்ட்டராக நடித்த நோவா வைலே நாயகர். பிட்ஸ்பர்க் நகர எமர்ஜென்சி வார்டில் ஒரே ஷிப்ட், மணிக்கொரு எபிசோடாக 15. காதல் ஏறக்குறைய இல்லை. காத்திருக்கும் அறையில் ஆட்கள் நிரம்பி வழிகிறார்கள், நர்ஸ்கள் போதவில்லை, நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அந்த ஆண்டு சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி அதற்குப் போனது. மருத்துவர்கள் அதிகம் குறை சொல்லாத தொடரும் அதுதான். பார்வையாளர்கள் முப்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது, அவர்கள் அதை ‘பழைய நடிகர்கள் வேண்டும்’ என்று கேட்டிருந்தாலும். தொடர் நீளும்போது இதுவும் தன் மருத்துவர்களைக் கட்டிலில் படுக்கவைக்குமா என்பதைப் பொறுத்திருந்து பார்க்கலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈஆரை எட்டாவது சீசனோடும் ஹவுஸை நான்காவதோடும் நிறுத்திக்கொண்டால் நஷ்டம் அதிகமில்லை. ஆனால் ஹவுஸ் ஏழாவது சீசனின் பதினொன்றாவது எபிசோடை மட்டும் விட்டுவிடாதீர்கள். வீட்டில் யாருக்காவது செயற்கை மூட்டு வைத்திருந்தால் அவர்களையும் கூட உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.