பின்னால் தொங்கும் 240 கிலோ

பக்கெட்டில் பதினைந்து செம்பனைக் குலைகள். குலைக்கு 20 கிலோ வைத்தால் மொத்தம் 300. லீவரை இழுத்ததும் மினி டிராக்டரின் முன்டயர்கள் பிதுங்கின, ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. பின்டயர் ஒன்று ஈரமண்ணை விட்டு விரற்கடை எழும்பி, மறுபடி இறங்கியது. இடம் பேராக்கில், தஞ்சோங் மாலிமுக்கு வெளியே, பால்மரம் போய்ச் செம்பனை வந்த ஒரு சரிவு. "பின்னால ரெண்டு பேர் ஏறி நின்னா சரியாயிடும்ணே" என்றான் பக்கத்தில் நின்ற பையன். நல்லவேளை, தோட்டக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

லோடர் பூட்டிய எந்தச் சின்ன டிராக்டருக்கும் இந்தக் குணம் உண்டு. முன்னச்சுதான் இங்கே நெம்புகோலின் தாங்குபுள்ளி. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 1.6 மீட்டர், குலைகள் முன்னச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால் என்று வைத்துக்கொண்டால், பின்னச்சின் பாரத்தில் 225 கிலோ குறைந்துவிடும். முன்னச்சில் 525 கிலோ கூடும். பேரிங்கும் அச்சின் நடுப்பின்னும் தேய்வது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வகை டிராக்டர்கள் பலவற்றில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். சரிவில் இறங்கும்போது பின்டயர் தரையை விட்டால், மிதிப்பதற்கு பிரேக் இருக்கும், பிடிப்பதற்கு மண் இருக்காது. அதனால்தான் லோடர் வேலைக்குப் பின்பாரம் கட்டச் சொல்கின்றன டிராக்டர் கையேடுகள்.

கடையில் வாங்கும் வார்ப்பிரும்புப் பாரம் விலை கூடியது. தோட்டக்காரர் முதலில் மணல் மூட்டைகளைக் கட்டிப் பார்த்தார். இரண்டு மழைக்குச் சாக்கு இற்றுவிட்டது. டயரில் தண்ணீர் ஏற்றுவது அடுத்த வழி. குளிர்நாடுகளில் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள், அது ரிம்மைத் துருவாக்கும். பேராக்கில் அந்தக் கவலை இல்லை, குழாய்த் தண்ணீரே போதும், டயரில் முக்கால் பங்கு. ஆனால் அந்த எடை பின்னச்சின் மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. முன்னச்சின் சுமையை அது ஒரு கிலோகூடக் குறைக்காது. அதற்குப் பாரம் பின்னச்சுக்கும் பின்னால் தொங்க வேண்டும்.

எனவே கான்கிரீட். 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றை வாளால் பாதியாக அறுத்தார்கள். (எண்ணெய் இருந்த இரும்பு டிரம்மை கிரைண்டரால் அறுக்கக் கூடாது, மிச்ச ஆவி தீப்பொறியில் வெடிக்கும்.) ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி. நூறு லிட்டர் வார்ப்புக்கு ஒரு மூட்டை சிமெண்டே மிஞ்சும். கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2400 கிலோ என்பதால் பாதி டிரம் 240 கிலோ. பாரத்தைத் தாங்கப்போவது டிராக்டரின் பின்னால் உள்ள மூன்று புள்ளி இணைப்பு; சின்ன டிராக்டர்களில் வழக்கமான முதல் வகைக்குக் கீழ்ப்பின்கள் 22 மில்லிமீட்டர், டாப் லிங்க் பின் 19.

கவனம் தேவைப்பட்ட இடம் அந்தக் கீழ்ப்பின்தான். முதல் வார்ப்பில் உருண்டைக் கம்பியை அப்படியே புதைத்தார்கள். சில வாரங்களில் அது உள்ளே சுழல ஆரம்பித்து, துளையைச் சுற்றிக் கான்கிரீட் மாவாக உதிர்ந்தது. இரண்டாவது வார்ப்பில் கம்பிக்குக் குறுக்கே நான்கு முறுக்குக் கம்பித் துண்டுகளைப் பற்றவைத்து, டாப் லிங்க்குக்கான இரும்புத் தகட்டையும் அதே சட்டத்தோடு சேர்த்தார்கள். ஈரச் சாக்குப் போர்த்தி ஏழு நாள். முழுப் பலத்துக்கு 28 நாள் என்பது கணக்கு, அதுவரை டிராக்டரில் மாட்டவில்லை.

மாட்டிய பிறகு? பாரம் பின்னச்சுக்கு 0.9 மீட்டர் பின்னால் தொங்குகிறது. பின்னச்சில் 375 கிலோ கூடுகிறது, முன்னச்சில் 135 குறைகிறது. அதே பதினைந்து குலைகளைத் தூக்கியபோது டயர் எழவில்லை, ஸ்டியரிங் ஒரு கைக்கு அடங்கியது. புல்வெட்டியைப் பின்பாரமாக மாட்டி ஓட்டுபவர்களும் உண்டு. அதன் நீளம் திரும்பும்போதெல்லாம் மரத்தில் இடிக்கும். குட்டையான டிரம்முக்கு அந்தத் தொல்லை இல்லை.

குறை இல்லாமலில்லை. இது மாட்டியிருக்கும்வரை பின்னால் வேறு கருவி போட முடியாது. சதுப்பில் டிராக்டர் கூடுதலாகப் புதையும். பக்கெட்டை உயர்த்தியபடி சரிவின் குறுக்கே போனால் எந்தப் பின்பாரமும் காப்பாற்றாது, சுமையைத் தரையோடு ஒட்டித்தான் கொண்டுபோக வேண்டும். 'பாதிக்கே இவ்வளவு பலன் என்றால் முழு டிரம்மையும் நிரப்பலாமே' என்ற ஆசை வரும். 480 கிலோவை உங்கள் டிராக்டரின் ஹைட்ராலிக் தூக்குமா என்று கையேட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வேலை முடிந்ததும் பாரத்தை மரக்கட்டை மேல் இறக்கி வைத்துவிட்டு இன்ஜினை அணையுங்கள்.