யாருக்கு சீட் என்ற ஊகமும் செலவுக் கணக்கும்

ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் அடுத்த ஆண்டு எந்த அணிக்கு யார் ஓட்டுவார் என்ற ஊகம், நடப்புப் பருவம் பாதி முடியும் முன்பே கிளம்பிவிடுகிறது. 2026இல் காடிலாக் 11வது அணியாக நுழைந்ததால் 20 இடங்கள் 22 ஆயின. அந்த இரண்டு இடங்களும் 2025 ஆகஸ்டிலேயே பெரெஸுக்கும் போட்டாஸுக்கும் போய்விட்டன; பேச்சு மட்டும் ஓயவில்லை. பந்தயமில்லாத மாதங்களில் ரசிகரைக் கட்டிப்போடுவதே இந்த ஊகம்தான் என்று அதற்கு வக்காலத்தும் வாங்கப்படுகிறது.

வாதத்தில் உண்மை உண்டு. ஒப்பந்தம் எப்போது முடிகிறது, யார் ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார் என்றெல்லாம் ரசிகர் கவனிக்கப் பழகுகிறார். சில வேளை ஊகம் பலிக்கவும் செய்கிறது.

ஆனால் இந்தியாவில் எழும் ஊகம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றுகிறது: நம்மவருக்கு இடம் உண்டா? பணம் யார் கட்டுகிறார் என்று கேட்பதில்லை. மதுரை டீக்கடையில் தேர்தல் நேரத்தில் யாருக்கு சீட் என்று பேசுகிறவர்கள், எவ்வளவு செலவழிப்பார் என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அந்தத் தெளிவுகூட பந்தய ஊகத்தில் கிடையாது.

சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010 மார்ச்சில், பருவம் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது ஹிஸ்பானியா அணியில் சேர்ந்தார். பஹ்ரைனில் அவர் கார் பூட்டி முடிவதற்குள் பயிற்சிச் சுற்றுகள் மூன்றும் முடிந்துவிட்டன. கார் முதன்முதலாக உருண்டதே தகுதிச் சுற்றில்தான். பத்துப் பந்தயங்களோடு அவர் இடம் யமமோட்டோவுக்குப் போனது. அடுத்த ஆண்டு அதே அணிக்கு டாடா ஆதரவோடு வந்த கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் எட்டுப் பந்தயங்களுக்குப் பின் ரிக்கியார்டோவுக்கு வழிவிட நேர்ந்தது. ரிக்கியார்டோ ரெட் புல் வளர்த்த பிள்ளை. அவருக்காகச் செலவழிக்க அந்த நிறுவனம் இருந்தது. 2011 அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்தியப் பந்தயம் நடந்தபோது, தமிழ்நாட்டுக்காரர்கள் இருவரும் களமிறங்குவார்கள் என்ற எதிர்பார்ப்பு வலுத்தது. நரேன் ஓட்டினார். சந்தோக்குக்கு லோட்டஸ் தந்தது வெள்ளிக்கிழமைப் பயிற்சி மட்டுமே.

ஃபோர்ஸ் இந்தியா இதைவிட நல்ல சான்று. 2008 முதல் 2018 வரை பெயரில் நாட்டைச் சுமந்த அந்த அணி, ஒரு பந்தயத்தில்கூட இந்தியரை ஓட்டவிடவில்லை. ஊகமோ ஆண்டு தவறாமல் வந்தது.

திறமையை வைத்துக் கணித்தாலும் கணக்கு உதைக்கிறது. 2022இல் ஃபார்முலா 2 சாம்பியனான ட்ருகோவிச்சுக்கு அடுத்த பருவத்தில் கிடைத்தது ரிசர்வ் டிரைவர் வேலை. 2025இல் இந்திய ஓட்டுநர் குஷ் மைனி மொனாக்கோவில் ஃபார்முலா 2 ஸ்பிரின்ட் பந்தயத்தை வென்றதும் ஆசை துளிர்த்தது. ஃபார்முலா 1இல் ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்கு மூன்று ஆண்டுகளில் 40 புள்ளி தேவை. ஃபார்முலா 2 தரவரிசையில் முதல் பத்துக்குள் முடித்தால்தான் அங்கிருந்து புள்ளி சேரும். ஒற்றை வெற்றி அதற்குப் போதாது. இந்த எளிய விதியைச் சொல்லும் ஊகக் கட்டுரை அபூர்வம். ஸ்பான்சர் பெயரைச் சொல்வது அதனினும் அபூர்வம்.

இந்த மௌனத்தால் ஏமாறுவது மேலூரிலோ உசிலம்பட்டியிலோ இருந்து கனவு காணும் பையன். மதுரை வட்டாரத்தில் நிரந்தரப் பந்தயத் தடம் இல்லை. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைக்கோ போக வேண்டும். கார் வாடகை, டயர், நுழைவுக் கட்டணம் எல்லாம் கைக்காசு. ஐரோப்பாவுக்குப் போனால் அது ஆண்டுக்குப் பல கோடியாகிறது. வேகமாக ஓட்டினால் யாரோ கூப்பிட்டு சீட் தருவார்கள் என்றே அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறது ஊகம்.

நீண்டநேரப் பந்தயங்களில் இந்த மறைப்பு குறைவு. அங்கே ஓட்டுநர்களை பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரிக்கிறார்கள். பல பிரிவுகளில் வெண்கலத் தர ஓட்டுநர் ஒருவர் அணியில் இருந்தே ஆக வேண்டும், செலவை ஏற்பவரும் பெரும்பாலும் அவர்தான். நடிகர் அஜித்குமார் தன் பெயரிலேயே அணி தொடங்கியதும், ஆசிய லெ மான்ஸ் தொடருக்கு நரேனைச் சேர்த்ததும் இந்த உலகில்தான். அங்கே உரிமையாளருக்கு சீட் உண்டா என்று யாரும் ஊகிக்கவில்லை.