தலைமுடிக்குள் பிளேடு

பாம் கிரியர் நடித்த 'காஃபி' (1973) என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்காத காட்சி ஒன்று உண்டு. போதைப்பொருள் விற்பவனும் பெண்களை வைத்துத் தொழில் செய்பவனுமான கிங் ஜார்ஜ் ஒரு விருந்து கொடுக்கிறான். அவனிடம் வேலை செய்யும் பெண்களுக்கும் புதிதாக வந்து சேர்ந்த காஃபிக்கும் கைகலப்பு. ஒருத்தி காஃபியின் சுருள்முடியைக் கொத்தாகப் பற்றி இழுக்கிறாள். அடுத்த கணம் அலறிக்கொண்டு கையை உதறுகிறாள். கையெல்லாம் ரத்தம். சண்டை வரும் என்று தெரிந்து காஃபி முன்பே தன் முடிக்குள் பிளேடுகளைச் செருகி வைத்திருக்கிறாள்.

பெண்கள் அடித்துக்கொண்டால் அதைக் குழாயடிச் சண்டை என்று சொல்லிச் சிரிப்பது நம் வழக்கம். முடியைப் பிடித்து இழுப்பது அந்தச் சிரிப்பில் முக்கியமான பங்கு வகிக்கிறது. ஆனால் பெண்ணை அடக்க நினைக்கிறவர்கள் முதலில் கை வைப்பதும் முடியில்தான். துச்சாதனன் பாஞ்சாலியை அவைக்கு எப்படி இழுத்து வந்தான் என்பது நமக்குத் தெரியும். பிடிப்பதற்கு வசதியான அந்த இடத்திலேயே ஆயுதம் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு மலிவான படம் யோசித்திருக்கிறது. அந்தக் காட்சி எனக்குக் கொடுத்த மகிழ்ச்சியை நான் மறைக்கப் போவதில்லை. பெண்ணியம் பேசும் தோழிகள் பலர் இத்தகைய படங்களைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் ரசிக்கிறார்கள். அந்த ரசனைக்கும் அந்த வெட்கத்துக்கும் காரணம் ஒன்றேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்கச் சினிமா வியாபாரத்தில் இவற்றை 'எக்ஸ்ப்ளாய்டேஷன்' படங்கள் என்பார்கள். நேர்ப்பொருள் சுரண்டல். வியாபாரிகள் சொல்ல வந்தது, போஸ்டரில் காட்டிக் காசாக்கக்கூடிய சரக்கு ஒன்று படத்தில் இருக்க வேண்டும் என்பது. பெரிய நட்சத்திரம் இல்லை, பெரிய செட் இல்லை. ஆகவே ரத்தம், நிர்வாணம், அன்றைய செய்தித்தாளில் சூடாக ஓடும் ஒரு பிரச்சினை. அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ், 1970இல் ரோஜர் கோர்மன் தொடங்கிய நியூ வேர்ல்ட் பிக்சர்ஸ் போன்ற நிறுவனங்கள் சில வாரங்களில் படப்பிடிப்பை முடித்து, காரில் உட்கார்ந்தபடியே பார்க்கும் டிரைவ்-இன் அரங்குகளுக்கும் நகரத்துப் பழைய தியேட்டர்களுக்கும் அனுப்பின. கறுப்பினப் பார்வையாளர்களைக் குறிவைத்து வந்தவற்றுக்கு 'பிளாக்ஸ்ப்ளாய்டேஷன்' என்று பெயர். 1972இல் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர், கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் ஹாலிவுட் கிளைத் தலைவர் ஜூனியஸ் கிரிஃபின். கண்டனமாகத்தான் அதைச் சொன்னார்.

'காஃபி' பிறந்ததே வியாபாரப் போட்டியில்தான். 'கிளியோபாட்ரா ஜோன்ஸ்' என்ற படம் அமெரிக்கன் இன்டர்நேஷனலின் கையைவிட்டு வார்னர் பிரதர்ஸுக்குப் போய்விட்டது. அது வெளிவரும் முன் இன்னொரு கறுப்பினப் பெண் ஆக்‌ஷன் படத்தை வெளியிட்டுவிட வேண்டும் என்று இயக்குநர் ஜாக் ஹில்லிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். செலவு சுமார் 5 லட்சம் டாலர்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பணம் கதாநாயகியை எப்படி மாற்றுகிறது என்பது புரியும். டமாரா டாப்சன் நடித்த கிளியோபாட்ரா ஜோன்ஸ் அரசாங்கத்தின் ரகசிய ஏஜென்ட். அவளுக்குப் பகட்டான உடைகள் உண்டு, கராத்தே தெரியும், காருக்குள் துப்பாக்கிகள் இருக்கும். அவள் பின்னால் ஓர் அரசு நிற்கிறது. காஃபி மருத்துவமனை நர்ஸ். 11 வயதுத் தங்கை ஹெராயினுக்கு அடிமையாகிக் கிடக்கிறாள். காஃபி நம்பக்கூடிய போலீஸ்காரர் ஒருவர் இருக்கிறார்; அவரையும் அடித்து நடைப்பிணமாக்கிவிடுகிறார்கள். ஆகவே அவள் கைக்கு எட்டியதை எடுக்கிறாள். எந்த ஊசியில் எவ்வளவு ஏற்றினால் ஆள் சாவான் என்று நர்ஸுக்குத் தெரியும். முடியில் எதை ஒளிக்கலாம் என்று முடி வைத்திருப்பவளுக்குத் தெரியும்.

முறத்தால் புலியை விரட்டிய தமிழச்சி என்று மேடைகளில் பெருமை பேசுகிறோம். அவள் கையில் முறம் ஏன் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. வேலை செய்துகொண்டிருந்தாள், அதனால் இருந்தது. மலிவுப் படங்களின் முதல் வசீகரம் இந்த இடத்தில் இருக்கிறது. கதாநாயகிக்கு ஆயுதக்கிடங்கு கட்டிக் கொடுக்கத் தயாரிப்பாளரிடம் பணமில்லை. அதனால் அவளுடைய அன்றாட உழைப்பே ஆயுதமாகிறது. அடுத்த ஆண்டில் வந்த 'ஃபாக்ஸி பிரவுன்' படத்தில் பாம் கிரியர் மதுக்கடை ஸ்டூலைத் தூக்கி அடிக்கிறார். பார்க்கும் பெண்ணுக்கு அது தூரத்துக் கனவாக இருப்பதில்லை. தன் வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்கிறாள்.

இரண்டாவது வசீகரம் இந்தப் படங்களின் வாய்த்துடுக்கு. கௌரவம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் பெரிய நிறுவனப் படங்கள் மென்று விழுங்குவதை இவை நேராகச் சொல்லிவிடுகின்றன. தங்கைக்கு ஊசி போட்டவனைத் தேடிப் போகும் காஃபி, மாஃபியாவையும் லஞ்சம் வாங்கும் போலீஸையும் தாண்டி, கடைசியில் தன் காதலனிடம் வந்து சேர்கிறாள். ஹோவர்ட் பிரன்ஸ்விக் அரசியல்வாதி. மேடையில் கறுப்பின மக்களின் விடுதலையைப் பேசுகிறவன்; அந்த மக்களின் நரம்பில் ஏறும் விஷத்தில் பங்கு வாங்குகிறவன். சொந்த இனத்து ஆண் தலைமை பெண்களின் பெயரால் பேசிக்கொண்டே அவர்களை விற்கும் என்பதை 1973இல் ஒரு டிரைவ்-இன் படம் சொல்லிவிட்டது. இயக்கங்களில் இருந்த பெண்களுக்கு இது புதிய செய்தி அல்ல. திரையில் பார்த்தது புதிதாக இருந்திருக்கும்.

அதுவரை ஹாலிவுட் கறுப்பினப் பெண்களுக்குப் பெரும்பாலும் கொடுத்தது பணிப்பெண் வேடம். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞரான ஹாட்டி மெக்டேனியலுக்கு அந்த விருது கிடைத்ததும் அப்படி ஒரு வேடத்துக்குத்தான். இந்தப் பின்னணியில்தான் பெண்ணிய இதழான 'மிஸ்' 1975 ஆகஸ்ட் அட்டையில் பாம் கிரியரைப் போட்டது. உள்ளே எழுதியவர் பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியரான ஜமைக்கா கின்கெய்ட். இந்தப் படங்களின் குறைகள் தெரிந்தே, ஒரு பெண் கடைசியில் ஜெயிக்கிறாள் என்பதை அவர் முக்கியமாகக் கருதினார்.

இனி அந்த விருந்துக் காட்சிக்கே திரும்பிப் போய் வேறு கேள்வி கேட்போம். யாருடைய கை அறுபட்டது?

கிங் ஜார்ஜின் கை அல்ல. வந்திருந்த மாஃபியா தலைவனின் கையும் அல்ல. அவர்களுக்காக உடலை விற்கும் பெண்களின் கை. கேமரா என்ன செய்கிறது என்றும் பாருங்கள். சண்டை நீள நீளப் பெண்களின் மேலாடைகள் கிழிகின்றன. போஸ்டர் வாக்குக் கொடுத்த சரக்கு இங்கேதான் பட்டுவாடா ஆகிறது. ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும் மாஃபியா தலைவன் விட்ரோனி, கிளர்ந்துபோய், இவள்தான் எனக்கு வேண்டும் என்கிறான். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் ஆணின் பிரதிநிதியைப் படம் தனக்குள்ளேயே நிறுத்தி வைத்திருக்கிறது.

காஃபியின் திட்டமும் அதுதான். அவனுடைய அறைக்குள் போக அவளுக்கு வேறு வழியில்லை. தன்னைக் காட்சிப்பொருளாக்கிக்கொண்டுதான் கொல்லும் தூரத்துக்கு அவளால் நெருங்க முடியும். நடிகையின் நிலையும் ஏறக்குறைய இதேதான். அமெரிக்கன் இன்டர்நேஷனலில் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் வேலையில் இருந்தவர் பாம் கிரியர். சண்டை போடும் கதாநாயகியாக ஒரு கறுப்பினப் பெண்ணைத் திரையில் நிறுத்த அந்த வணிகம் கேட்ட விலை நிர்வாணம். அவர் கொடுத்தார், உள்ளே போனார். நமக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியும் அவர் கொடுத்த விலையும் ஒரே ரசீதில் எழுதப்பட்டிருக்கின்றன. நம்முடைய வெட்கம் அங்கிருந்துதான் வருகிறது. ஒன்றைக் கிழித்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள வழியில்லை.

'ஃபாக்ஸி பிரவு'னில் இந்த விலை இன்னும் கூடுகிறது. ஃபாக்ஸியைப் பிடித்துக் கட்டிப் போட்டுப் பலாத்காரம் செய்கிறார்கள். சீக்கிரமே அவள் தப்பித்து, இடத்தைக் கொளுத்திவிட்டு, அடுத்த திட்டத்துக்குத் தயாராகிவிடுகிறாள். உடைந்துபோகாத பெண் என்று இதைக் கொண்டாடலாம். எனக்கு அப்படிப் பார்க்க முடியவில்லை. காயம் ஆறுவதற்கு அந்தப் படத்தின் ஷெட்யூலில் நாள் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான். பாம் கிரியர் 2010இல் வெளியிட்ட தன்வரலாற்றில், ஆறு வயதிலும் பிறகு இளம்பெண்ணாக இருந்தபோதும் பாலியல் வன்முறைக்கு ஆளானதை எழுதினார். இதைக் கொண்டு அவருடைய நடிப்பை விளக்குவது அநியாயம். ஆனால் அந்தக் காட்சியில் நடித்தவருக்குக் காயம் ஆற எத்தனை ஆண்டு ஆகும் என்பது தெரியும், படத்துக்குத் தெரியாது என்று சொல்லலாம். பழிவாங்கும் படங்களைக் கொண்டாடும்போது நாம் எளிதில் மறப்பது இதைத்தான்: பழி என்பது காயத்தைத் தாண்டிக் குதிக்க வணிக சினிமா கண்டுபிடித்த குறுக்குவழி.

ரசீதில் இன்னும் சில பெயர்கள் எழுதப்படவே இல்லை. பாம் கிரியர் முதலில் கவனம் பெற்ற 'தி பிக் டால் ஹவுஸ்' (1971) போன்ற பெண்கள் சிறைப் படங்கள் பிலிப்பைன்ஸில் எடுக்கப்பட்டவை. அங்கே காடும் ஆட்களும் மலிவு. முன்வரிசையில் அமெரிக்க நடிகைகள் தப்பிக்கத் திட்டமிடுவார்கள். பின்னால் கைதி உடையில் உள்ளூர்ப் பெண்கள் நிற்பார்கள். 1972 செப்டம்பரில் மார்கோஸ் அந்த நாட்டில் ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார். கற்பனைச் சிறையிலிருந்து பெண்கள் தப்பிக்கும் படங்கள் எடுக்கப்பட்ட நாட்டில் நிஜச் சிறைகள் நிரம்பின.

இதே மலிவு வணிகத்துக்குள் ஒரு பெண் இயக்குநரும் இருந்தார். ஸ்டெஃபனி ராத்மேன். கவர்ச்சிப் படம் கேட்டார்கள். அவர் 'தி ஸ்டூடன்ட் நர்ஸஸ்' (1970) எடுத்தார். கேட்ட நிர்வாணத்தைக் கொடுத்துவிட்டு, மருத்துவமனை மறுத்த கருக்கலைப்பைச் சட்டத்துக்குப் புறம்பாகச் செய்துகொள்ளும் பெண்ணின் கதையை உள்ளே வைத்தார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை அங்கீகரித்த ரோ எதிர் வேட் தீர்ப்பு வர அப்போது இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. அவருடைய 'டெர்மினல் ஐலண்ட்' (1973) ஆக்‌ஷன் படம். கொலைக் குற்றவாளிகளை ஒரு தீவில் விட்டுவிடுகிறார்கள். அங்கே ஆண்கள் பெண்களைப் பகலில் மாடாக உழைக்கவும் இரவில் முறைவைத்து உடலைக் கொடுக்கவும் வைக்கிறார்கள். பெண்கள் இன்னொரு குழுவோடு சேர்ந்துகொண்டு, ஆளுக்கொன்று தெரிந்ததை ஒன்றாக்கிச் சண்டைக்குத் தயாராகிறார்கள். அத்துமீற வந்தவனை ஒருத்தி ஆசை காட்டி அழைத்துத் தேனீக்களிடம் மாட்டிவிடுகிறாள்; கொல்வதில்லை. அவனோடும் சேர்ந்துதான் அந்தத் தீவில் வாழ்ந்தாக வேண்டும். கடைசியில் அங்கே ஒரு சின்னச் சமூகம் உருவாகிறது.

கோர்மனின் பட்டறையில் தொழில் கற்ற கப்போலா, ஸ்கார்செஸி, ஜோனதன் டெம்மி எல்லோரும் பெரிய நிறுவனங்களுக்குப் போனார்கள். ராத்மேனுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 1974க்குப் பிறகு அவர் இயக்கி ஒரு படமும் வரவில்லை. ஆண்களுக்குப் பயிற்சிக்கூடமாக இருந்த இடம் அவருக்கு முட்டுச்சந்தாகிவிட்டது.

அப்படியானால் இந்தப் படங்களை ரசிக்கலாமா? ரசிக்கலாம் என்றுதான் சொல்வேன், ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு. இன்றைய பெரும் பொருட்செலவுப் படங்களில் கதாநாயகி பறக்கிறாள், நூறு பேரை வீழ்த்துகிறாள், ஆடையும் கலைவதில்லை. அங்கேயும் யாரோ விலை கொடுத்திருப்பார்கள். அது நம் கண்ணில் படாமல் இருக்கத் தேவையான பணம் அவர்களிடம் இருக்கிறது. மலிவுப் படத்தால் அதை ஒளிக்க முடியாது. பெண்ணுடலை எப்படி விற்கிறார்கள் என்பதையும் அந்த உடல் எப்படித் திருப்பி அடிக்கும் என்பதையும் அது ஒரே ஃபிரேமில் காட்டிவிடுகிறது. சினிமா படிக்கும் மாணவிகளுக்கு இதைவிட நேர்மையான பாடப்புத்தகம் கிடைப்பது கடினம்.

'காஃபி'யின் முடிவில் காதலனைச் சுடத் துப்பாக்கியோடு போகிறவள், அவனுடைய பேச்சில் ஒரு கணம் தளர்கிறாள். அப்போது உள்ளிருந்து இன்னொரு பெண் வருகிறாள், காஃபி சுட்டுவிடுகிறாள். ஒரு சமூகத்தையே விற்றவனுக்குக் கொடுத்த தண்டனையா, சக்களத்தியைப் பார்த்த கோபமா? படத்துக்கே தெளிவில்லை. பிறகு கடற்கரையில் தனியாக நடந்து போகிறாள். பழி முடிந்தது, பேச ஒருவர்கூட இல்லை. அந்தப் படத்தில் அவளுக்குத் துணையாகக்கூடிய பெண்கள் இருக்கத்தான் செய்தார்கள். கிங் ஜார்ஜின் வீட்டில், ரத்தம் சொட்டும் கையோடு. அவர்களுக்கு யார் கட்டுப் போட்டார்கள் என்று படம் சொல்லவில்லை. காஃபி ஒரு நர்ஸ்.