பாறைக்கும் மரத்துக்கும் இடம் விட்ட வீடுகள்

இலங்கைக்கென்று நவீன வீட்டு மரபொன்று உண்டு. அதற்கு எழுபது வயது கடந்துவிட்டது. வாவிக்கரையில் இன்று எழும் வீடுகளைப் பார்க்கையில், மட்டக்களப்பில் நாம் அதைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் சொல்லவேண்டிய பெயர் கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா. 1949 இல் கண்டியில் கருணாரத்ன வீட்டைத் தொடங்கிய அவர், மலைச்சரிவுக்கு ஏற்றபடி தளங்களை ஏற்றி இறக்கினார். தும்பறைப் பாய் நெசவைக் கதவுகளில் பதித்தார். ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியத்துக்கு வரவேற்பறையைக் கொடுத்தார். கொங்கிறீற்றையும் கிராமத்துக் கைவேலையையும் ஒன்றாக வைத்துப் பார்த்த துணிவு அவருடையது.

ஜெப்ரி பாவா வேறு வழியில் போனார். 1962 இல் கொழும்பு அல்பிரட் பிளேசில் ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு தெருவுக்கு முதுகு காட்டி, நடுமுற்றத்தை நோக்கித் திரும்பியது. பின்னாளில் அதைப் பிரித்தெடுத்து லுணுகங்கையில் மீண்டும் நிறுவினார்கள். ஆனால் என் மதிப்பில் அதனினும் உயர்ந்தது, நிக்கவரட்டியவுக்கு அருகே தென்னந்தோட்டத்தில் உள்ள பொலொன்தலாவ பங்களா. பாவாவும் உல்ரிக் பிளெஸ்னரும் 1960களின் நடுப்பகுதியில் அமைத்தது. பெரும்பாறைகள் கிடந்த இடத்துக்கே போய், தடி ஊன்றி நூல் கட்டி வீட்டை நிலத்திலேயே வரைந்தார்கள். பாறைகளை அகற்றவில்லை, அவையும் வீட்டின் பகுதியாயின. அமெரிக்காவில் பிராங்க் லொயிட் ரைட் நீர்வீழ்ச்சியின் மேல் கட்டிய வீட்டுக்கு உலகப் புகழ் உண்டு. அந்த வரிசையில் தயக்கமின்றி வைக்கக்கூடியது இது.

கொங்கிறீற்றின் வளைவுகளையும் கோணங்களையும் நம்பிய வலன்ரைன் குணசேகரவின் வழி மூன்றாவது. அதைப் பின்தொடர்ந்தவர்கள் குறைவு.

இவற்றில் எதையும் இங்கே அப்படியே நடமுடியாது. 1978 நவம்பர் 23 சூறாவளி நம் கூரைகளைப் பிடுங்கிச் சென்றது. பாவாவின் அகன்ற இறவாரம் இங்கே காற்றுக்குப் பிடி கொடுக்கும். கூரை மரங்களைச் சுவரோடு இறுகக் கட்டாமல் அதை வைக்கக்கூடாது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணலில் கிணற்று நீர் மேலேயே கிடைக்கிறது. அந்த நீர் மாசுபடாதபடி மலக்குழியை எங்கே வெட்டுவது என்பதுதான் அங்கே முதற்கேள்வி. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வெள்ளம் வரும் வழியைக் கேட்டறிந்தே தளமட்டம் வைக்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குரியது. மகள் கலியாணம் கட்டினால் பெற்றோர் அதே வளவில் ஒதுங்கி இன்னொரு சிறுவீடு கட்டிக்கொள்வார்கள். அதற்கு இடம் விடாத வரைபடம், எத்தனை அழகானாலும் நமக்கு உதவாது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் எழுந்த பல குடியிருப்புகளில் ஒரே வரைபடம் வரிசையாக நிற்பதைப் பார்க்கையில் மனம் வலிக்கிறது.

பொறியியலாளர்களே, மேசன்மாரே, ஓடாவிமாரே: வாடை மழையில் ஒரு தடவையும் கச்சான் வீசும்போது ஒரு தடவையும் அந்த வளவில் போய் நில்லுங்கள். வீட்டுக்காரப் பெண்ணிடம் பேசுங்கள். அதன் பிறகு அத்திவாரத்துக்கு நூல் பிடியுங்கள்.